பொரி போட்டவர் நிற்கவேண்டும்

நாற்பது பேர் குடங்களோடு வரிசையில் நின்று, கொலுமண்டபத்துக் கல்தொட்டியை அடியோடு காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. தரையில் பதினோரு கெண்டைகள் செத்துக் கிடந்தன.

மருதஞ்சீமையை அந்தக் காலத்தில் ஆண்ட செங்கோடவர்மனுக்கு மீன்கள்மேல் உயிர். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் நாச்சியைக் கூப்பிட்டான்.

"இன்னொரு மீன் செத்தால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது."

"சோம்பேறி, மகாராஜா," என்றார் பிரதானி திருமலையப்பர். "வாரம் ஒருமுறை கழுவச் சொன்னேன். பத்து நாளைக்கு ஒருமுறைதான் கழுவுகிறாள்."

"கழுவுவதால்தான் சாகிறது, ராசா," என்றாள் நாச்சி. " முழுக்கப் புதுத் தண்ணீர் மீனுக்கு ஆகாது. இந்த நாற்பது பேர் வேண்டாம். ஒரு கொத்தனாரும் ஒரு குடமும் போதும்."

"ஒரு குடமா! இவள் மீன் வளர்க்கிறாளா, குழம்பு வைக்கிறாளா?" என்றார் பிரதானி.

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "ஒரு மாதம் தருகிறேன்," என்றான்.

கொத்தனார் தொட்டியின் அடித்தளத்தை ஒரு மூலைக்குச் சரித்து, அங்கே துளையிட்டு மரத்தக்கை செருகினார். அழுக்கெல்லாம் அந்த மூலைக்குப் போயிற்று. காலையில் நாச்சி தக்கையைப் பிடுங்கி எட்டுக் குடம் வெளியேற்றுவாள். முதல்நாளே அண்டாவில் பிடித்துவைத்த தண்ணீரில் எட்டுக் குடம் மொண்டு ஊற்றுவாள்.

ஆனாலும் நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. காரணம் அரசனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சபைக்கு வருகிற ஒவ்வொருவரும் அரசன் பார்க்க மீனுக்கு ஒரு பிடி பொரி போடுவது வழக்கம். பிரதானி இரண்டு கையாலும் போடுவார். மீன் தின்னாத பொரி ஊறி அழுகித் தண்ணீரைக் கெடுத்தது. அதை நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

நாச்சி அரசனிடம் போனாள். "தங்கள் மீன் சாப்பிடும்போது, பொரி போட்டவர் பாதியில் போய்விடுவது மரியாதையா, ராசா?"

"இல்லையே."

"அப்படியானால் கடைசிப் பொரி தீரும்வரை நிற்கட்டும்."

அரசனுக்கு இது பிடித்துப்போயிற்று. உடனே ஆணை பிறந்தது.

மறுநாள் பிரதானி வழக்கம்போல இரண்டு கையாலும் போட்டார். மீன்கள் கொஞ்சம் தின்றுவிட்டு அடியில் போய்ப் படுத்தன. பொரி மிதந்தது. சபை கலைந்தது; சாப்பாட்டு வேளையும் போயிற்று.

"சற்று உட்காரலாமா, மகாராஜா?"

"மீன் இன்னும் பந்தியில் இருக்கிறதே, பிரதானி."

பொழுது சாயும்போது நாச்சி மனமிரங்கி, மிச்சத்தை வலையால் அள்ளினாள். அடுத்த நாள் பிரதானி மூன்றே மூன்று பொரி போட்டார். மற்றவர்களும் எண்ணிப் போடத் தொடங்கினார்கள்.

மாத முடிவில் அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. ஒரு மீனும் சாகவில்லை. அரசன் தன் முத்துச்சரத்தைக் கழற்றி நாச்சிக்குக் கொடுத்தான். நாற்பது பேரையும் ஊர்த் தண்ணீர்ப்பந்தல்களுக்கு அனுப்பினான்.

"நீர் இரண்டு கையாலும் கொன்றதற்கு இவளை நாடுகடத்த இருந்தேன்," என்றான் பிரதானியிடம்.

சபை அடுத்த வழக்குக்குப் போயிற்று. தொட்டித் தண்ணீரில் ஒரு வேப்பஞ்சருகு மிதந்தது. பிரதானி குனிந்து அதை எடுத்தார்; விரலைப் பட்டு அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டு தன் ஆசனத்துக்குப் போனார்.