ஓதம் 1.0.1

"ஒரே ஒரு வரிதானம்மா மாத்தினேன். அதை ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

கேட்டவர் அருளப்பன். கடல் ஆய்வு நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் அலைகளோடு மல்லுக்கட்டியவர். எதிரே இருந்தவள் செண்பகவல்லி. அவரைவிட இருபது வயது இளையவள். இலவச மென்பொருள்களின் பொதுக் களஞ்சியத்துக்கு அவள் ஒரு காவல்; அவள் பார்த்து ஏற்றினால்தான் எதுவும் உள்ளே போகும்.

கணக்கில் அவர் புலி. ஆனால் எழுதிய கணக்கை ஊரார் நம்பி எடுத்துக்கொள்ளும்படி கட்டிக் கொடுப்பதற்கு அவளிடம்தான் பாடம் கேட்டார்.

'ஓதம்' என்பது அவர் எழுதிய சின்ன நிரல். தேதியைக் கொடுத்தால் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் சொல்லும். கேட்டவருக்கெல்லாம் பென் டிரைவில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் உரிமம் கேட்டாள். சோதனைகள் கேட்டாள். பதிப்பு எண் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். 1.0 என்ற எண்ணோடு 'ஓதம்' களஞ்சியத்தில் ஏறியது. படகுக்காரர்களின் செயலி ஒன்று அதை நம்பி ஓடத் தொடங்கியது.

பிறகுதான் பிழை தெரிந்தது. லீப் வருடத்தில் பிப்ரவரி தாண்டினால் கணக்கு ஒரு நாள் பிசகும். ஒரு நாள் பிசகினால் ஓதம் ஐம்பது நிமிடம் பிசகும்.

அது லீப் வருடம். மார்ச் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நிலையத்தின் பெயர் கெட்டுவிடும், சத்தமில்லாமல் திருத்திவிடுங்கள் என்றார் இயக்குநர். அருளப்பனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வருடம் சேர்த்த பெயரை ஒரு வரிக்குப் பறிகொடுக்க யாருக்கு மனசு வரும்? திருத்தினார். எண்ணை மாற்றாமல், அதே 1.0 என்றே அனுப்பினார். அதைத்தான் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

செண்பகவல்லி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

படகுக்காரர் கித்தேரியான் தன் படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்துவாரத்து மணல்திட்டைத் தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் தாண்ட முடியும். செண்பகவல்லி அவருடைய போனை வாங்கி, அந்தச் செயலியைத் திறந்து அருளப்பனிடம் நீட்டினாள்.

"நீங்க அனுப்புனதை நான் ஏத்திட்டேன்னு வைங்க சார். இவருக்கு வந்திருக்கிறது பழசா, புதுசா?"

பார்த்தார். 1.0 என்றிருந்தது. மறுபடியும் பார்த்தார். அப்போதும் 1.0 என்றுதான் இருந்தது.

"நாலு மணிக்குத் தண்ணி ஏறும்னு போட்டிருக்கு. சரிதானே சார்?" என்றார் கித்தேரியான்.

அருளப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்பாதீங்க. மார்ச் பிறந்ததிலேர்ந்து அம்பது நிமிஷம் பிசகுது. தப்பு என்னோடது."

"அதை நாலு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் கித்தேரியான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அருளப்பனுக்கு.

திரும்பி வந்து 1.0.1 என்று எண் போட்டார். மாற்றக் குறிப்பில், எல்லோரும் எழுதுவதுபோல, 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதினார்.

செண்பகவல்லி திருப்பி அனுப்பினாள்.

மறுபடியும் எழுதினார். '1.0 தவறு. லீப் வருடத்தில் மார்ச் முதல் ஓத நேரம் ஐம்பது நிமிடம் பிசகும். அதை நம்பிப் படகு விடாதீர்கள். பிழை என்னுடையது. அருளப்பன்.'

அவள் ஏற்றிவிட்டாள்.

அரைமணி நேரத்தில் இயக்குநரிடமிருந்து போன் வந்தது. அந்தக் குறிப்பை உடனே அழிக்க வேண்டும், இது உத்தரவு என்றார்.

அருளப்பன் செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் போனில் இயக்குநரிடம் சொன்னார்:

"அழிச்சிடலாம் சார். ஆனா அதுக்கு 1.0.2-ன்னு புது எண் போடணும். யார் சொல்லி அழிச்சேன்னு அதுக்கும் ஒரு குறிப்பு எழுதணும். உங்க பேரை எப்படிப் போடட்டும், இனிஷியலோடவா?"