வாசலில் கிடந்த அட்டை

எந்தப் போர், எந்த நாடு என்று கேட்காதீர்கள். முள்கம்பி எல்லா நாட்டிலும் குத்தும்.

சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரே விமானத்திலிருந்து குதித்த மூன்று பேர் அந்தக் கைதி முகாமில் இருந்தார்கள். விமானி தேவசகாயம், நாகர்கோவில்காரர். குதித்ததில் அவருக்கு இடது கால் முறிந்திருந்தது. வரைபடம் பார்த்து வழி சொல்லும் பரீத். வானொலிக்காரன் கண்ணபிரான்.

முகாமில் ஒரு வழக்கம். மாலையில் ஒரு மணி நேரம் வேலிக்கு வெளியே நடக்கலாம். அதற்கு, ‘திரும்பி உள்ளே வரும்வரை தப்ப மாட்டேன்’ என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டு வாசலில் கொடுக்க வேண்டும். திரும்பியதும் அட்டை கைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும்போது வாக்குக் கிடையாது. தப்பப் பார்க்கலாம், பிடிபட்டால் உதை வாங்கலாம்.

பரீத் அட்டையைத் தொடவே இல்லை. “எதிரிகிட்ட நான் எதுக்கு வாக்குக் கொடுக்கணும்? அவன் காத்தும் வேணாம், வெயிலும் வேணாம்.” அறையிலேயே கிடந்தார். கால் இரண்டும் வீங்கின.

தேவசகாயம் நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டார். கால் தேறினால்தானே ஓடலாம்? சமையல்கூடத்துக்குப் பின்னால் வேலியின் கீழ்க்கம்பியை மூவரும் ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு மாலை அவரும் கண்ணபிரானும் நடக்கப் போனார்கள். காவலுக்கு ஒரு கிழச் சிப்பாய். வாய்க்கால் கரையில் வெயில் தாங்காமல் அவன் சுருண்டு விழுந்தான். துப்பாக்கி தனியே கிடந்தது. எதிரே எல்லை மலை.

“சார், கிளம்புங்க!”

“லேய், அட்டை வாசல்ல கிடக்கு.”

“நம்மளச் சுட்டுத் தள்ளினவனுங்க சார். இவனுங்களுக்கு என்ன வாக்கு?”

“வாங்கினவன விடு. கையெழுத்துப் போட்டது நீதானடே?”

கண்ணபிரான் ஓடியே போனான். தேவசகாயம் மலையைப் பார்த்தார். முறிந்து தேறிவந்த கால்கூட அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு, கிழவனை இழுத்தும் சுமந்தும் வாசலுக்குக் கொண்டுவந்தார். கைதியின் தோளில் துப்பாக்கியைக் கண்ட வாசல் காவலன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். கையை இறக்கித் தன் அட்டையை எடுத்துத் தரச் சொல்லி அவனை அதட்ட வேண்டியதாயிற்று.

முகாம் தலைவர் நெகிழ்ந்துபோனார். இனிப் போரில் பறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஊருக்கே அனுப்புவதாகச் சொன்னார்.

“பறப்பேனே!” என்றார் தேவசகாயம். அட்டையைக் கிழித்து மேசைமேல் வைத்தார். “இனி நடையும் வேண்டாம், வாக்கும் கிடையாது. நன்றாகக் காவல் காத்துக்கொள்ளுங்கள்.”

மறுநாள் காலை ஆள் எண்ணியபோது அவர் இல்லை. பரீத் இருந்தார்; வீங்கிய காலோடு கம்பிக்கடியில் போய் என்ன செய்வது? மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் தேவசகாயம் பிடிபட்டார். நாற்பது நாள் இருட்டறை. சிரித்துக்கொண்டே போனாராம்.

கண்ணபிரான் ஊர் சேர்ந்தான். முகாமில் இருந்தவர்கள் உயிரோடிருப்பது அவன் சொல்லித்தான் வீடுகளுக்குத் தெரிந்தது. அவன் ஓடியதால் முகாமில் மாலை நடை எல்லோருக்கும் நின்றது.

கதை அவ்வளவுதான். மென்று முழுங்காமல் சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி?

விடை: தேவசகாயம். பரீத் எதிரிக்கு வாக்குக் கொடுக்கவில்லை, காலைக் கொடுத்துவிட்டார். கண்ணபிரான் கொண்டுபோனது நல்ல செய்திதான், மறுக்கவில்லை; ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்காமல் ஓடினான். தேவசகாயம் வாங்கிக் கிழித்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தப்பினார். அவர் பிடிபட்டார், இவன் வீட்டில் சோறு தின்கிறான், உண்மை. இருந்தாலும் இவன் கையெழுத்து இன்னும் அந்த வாசலில் கைதியாகக் கிடக்கிறது.