நாலு மேற்கோள்

பீர்முகமதுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது இரண்டு காதும் மிளகாய்ப் பழமாக இருந்தன.

பேராசிரியை திலகவதி திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்கட்டித் தட்டில் வைத்து வெண்டைத் தளிர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"கதவை மெதுவா சாத்து பீரு. யாரு வம்புக்கு வந்தாங்க?"

"நாலு மேடம்."

"நாலு பேரா?"

"உங்க கட்டுரையைப் போன வருஷம் மேற்கோள் காட்டினவங்க. உலகம் முழுக்கத் தேடிட்டேன். நாலே நாலு."

பீர்முகமது அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவன். இப்போது அதே துறையில் அவனும் ஆசிரியன். மேடம் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதற்குள் மரபியல் விருது ஒன்றை அவருக்கு வாங்கித் தந்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றான். விண்ணப்பம் அன்று மாலைக்குள் போக வேண்டும். சிறந்த கட்டுரைக்குப் போன ஆண்டு கிடைத்த மேற்கோள்கள் எத்தனை என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. போட்டியில் இருந்த மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தன.

அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெண்டை, கற்றாழை போன்ற செடிகளின் இலையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது ஒரு காலத்தில் பெரும் பாடு. இலையின் கொழகொழப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எந்தச் சோதனையும் ஓடாது. பல வருட உழைப்பைக் கழுவுதொட்டியில் கொட்டியவர்கள் உண்டு. அரைத்த இலையைக் குளிர்ந்த கரைசலில் முதலில் அலசிவிட்டால் கொழகொழப்பு போய்விடும், டி.என்.ஏ. தங்கிவிடும் என்று கண்டுபிடித்தவர் திலகவதி. மூன்றரைப் பக்கக் கட்டுரை. வந்த புதிதில் அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. பிறகு எண்ணிக்கை வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது.

"எல்லாரும் அலசத்தான் செய்யறாங்க. உங்க பேரைச் சொல்லத்தான் ஆளில்ல. நன்றி கெட்ட கூட்டம் மேடம்."

"கத்தாதே. இலை வாடுது."

"நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். உங்க பழைய மாணவங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். அவங்கவங்க அடுத்த கட்டுரையில உங்களை ஒரு வரி சேர்த்துடறாங்க. 'வெளிவர இருப்பவை'ன்னு இப்பவே கணக்குல காட்டிடலாம்."

திலகவதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, எனக்கு மொய் எழுதப் போறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"உன் கட்டுரை பெரிய பத்திரிகையில வந்திருக்காமே?"

"ஆமா மேடம். வெண்டை இலையில வர்ற மஞ்சள் தேமல் நோய் பத்தி."

"எனக்குக் காட்டவே இல்லையே. செய்முறைப் பகுதியை எடு. என் மூக்குக்கண்ணாடி வீட்டுல கிடக்கு, நீயே படி."

பீர்முகமது பெருமையோடு கைப்பேசியைத் திறந்தான்.

"இளம் இலைகள் பனிக்கட்டியின் மேல் சேகரிக்கப்பட்டன. அரைக்கப்பட்டு, வழக்கம்போல் அலசப்பட்டபின்..."

நின்றுவிட்டான்.

"மேல படி."

அவன் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினான். அங்கே அறுபத்துநாலு மேற்கோள்கள் இருந்தன. மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். பிறகு கீழிருந்து மேலே ஓட்டினான். சிவப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

"மேடம்..."

"இருக்கா?"

"இல்ல மேடம்."

"ஏன் விட்டே?"

"விடணும்னு விடல. சத்தியமா." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது ஒருத்தர் கண்டுபிடிச்சதுன்னே எனக்குத் தோணல மேடம். இலைன்னா அலசணும். அவ்வளவுதான். சோறாக்க அரிசி களையற மாதிரி. உங்ககிட்டயே கத்துக்கிட்டு, உங்களைப் பத்தி நினைப்பே வரல."

திலகவதி கேட்டுக்கொண்டே எழுந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"பத்திரிகைக்கு இன்னைக்கே திருத்தம் அனுப்பிடறேன் மேடம்."

"அனுப்பு. பட்டியல்னா சரியா இருக்கணும்."

"நம்ம பசங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொல்லு."

அவன் விண்ணப்பத்தை மேசைமேல் விரித்தான். கட்டம் காலியாக இருந்தது.

"இதுல என்ன எழுத மேடம்?"

"நாலுன்னு எழுது."

எழுதினான்.

"அதுக்குக் கீழ, அரிசி களையற மாதிரின்னு என்கிட்ட சொன்னியே, அதை அப்படியே எழுதி உன் கையெழுத்தைப் போடு."