கிணற்றடிக்கு வந்த பாம்பு

மகள் பிறந்த பிறகு மாடக்கண்ணுவுக்குப் பாட்டில் ஒரு இடம் மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது. விரும்பியவனோடு போகத் துணிந்த தங்கையை அண்ணன்மார் இருவரும் கிணற்றில் தள்ளும் இடம். அப்படிச் செத்தவள்தான் அந்த ஊர்ச் செண்பக அம்மன்.

வில்லுப்பாட்டில் அவனுக்குப் பாடக் கற்றுக்கொடுத்த அண்ணாவி தங்கபுஷ்பம். வயதில் அவனுக்கு இளையவள். அன்று அம்மன் கோயில் கொடைவிழாவின் மத்தியானப் பாட்டில் முதன்முறையாக வில்லை அவனிடம் விட்டுவிட்டு, அவள் குடம் தட்ட உட்கார்ந்தாள்.

பாட்டு கிணற்றடிக்கு வந்ததும் மாடக்கண்ணு எங்கிருந்தோ ஒரு பாம்பைக் கொண்டுவந்தான். அதற்கு வேறு சோலி இல்லை போலிருக்கிறது, அண்ணன்மார் இருவரையும் கொத்திவிட்டுப் போனது. பெண் விரும்பியவனோடு வண்டியேறி, பிள்ளைகுட்டிகளோடு நெடுநாள் வாழ்ந்தாள். கூட்டம் கைதட்டியது.

கூட்டத்தில் தாயோடு வந்திருந்த வெயிலுகந்தாளின் மகன்கள் இருவரும் கைதட்டினார்கள். அவள் மகளும் ஒருவனை விரும்பியிருந்தாள். வெட்டிப்போடுவோம் என்று இந்த அண்ணன்மாரும் சொல்லிவிட்டார்கள். யார் பேச்சும் எடுபடவில்லை. அம்மனுக்கு மட்டும் பயப்படுவார்கள். சாமி வந்து நிற்கும்போது தங்கையைத் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கிவிடலாம் என்றுதான் தாய் மூவரையும் கூட்டி வந்திருந்தாள்.

சாமியாடும் பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, வேப்பிலையோடு காத்து நின்றாள். தங்கை கிணற்றில் விழும் வரியில்தான் வருடந்தோறும் அவள்மேல் அம்மன் இறங்கும். உடுக்கையை வேகமாக அடித்துப் பார்த்தார்கள். ஒரு நடுக்கம்கூட இல்லை. போகலாம் என்று மகன்கள் அவசரப்படுத்தினார்கள்.

மாடக்கண்ணு வில்லை அடிக்கும் வீசுகோலைக் கீழே போட்டான். அண்ணாவி பக்கம் குனிந்தான்.

"சாமி ஏன் வரல்ல?"

"அவளத்தான் வண்டி ஏத்தி அனுப்பிட்டியளே. பெறவு இங்க யாரு வருவா?"

"சாக விட மனசு வரல்ல அண்ணாவி. அந்தப் புள்ளையக் காப்பாத்தணும்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பம் கோயில் வாசலைப் பார்த்தாள். வெயிலுகந்தாள் வழியை மறித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மகள் அண்ணன்மாருக்கு நடுவில் தலை குனிந்து நின்றாள்.

கீழே கிடந்த வீசுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள் தங்கபுஷ்பம்.

"காப்பாத்தணும்னா கிணத்தடியில இருந்து திரும்பப் பாடுங்க அண்ணாச்சி. புள்ள இன்னும் அவனுவ நடுவுலதான் நிக்கா."