மயிலையின் மடி

மலையடிவாரத்து மடம் ஒன்றில் தவமணியம்மை என்ற துறவி இருந்தார். அவருடைய சிஷ்யை செங்கமலம் பக்கத்து ஊர்க்காரி. குருவைவிட இரண்டு வயது மூத்தவள். காலையில் கைக்குழந்தையோடு வருவாள், மடத்துப் பசு மயிலையைக் கறப்பாள், பாடம் கேட்பாள், போவாள்.

அந்த வாரம் மயிலைக்கு மடிநோய். ஒரு காம்பு வீங்கிச் சிவந்திருந்தது. செங்கமலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மடியைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மெல்லப் பீய்ச்சினாள். பால் திரிதிரியாக வந்தது. பசு உதைத்தது. நகர்ந்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். கறந்த பாலைக் குழியில் ஊற்றினாள்.

தூளியில் குழந்தை அழுதது. எடுத்து இடப்பக்கம் மட்டும் பால் கொடுத்தாள். அது தீர்ந்ததும் குழந்தை இன்னும் பலமாக அழுதது. செங்கமலமும் அழுதுவிட்டாள், பாவம்.

குரு வந்து அவள் நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

"வலது பக்கம் என்ன?"

"பால் கட்டிக்கிச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். மாத்திரை குடுத்தாங்க. அந்தப் பக்கமும் பிள்ளைக்குக் குடு, விட்டா சீழ் வச்சிரும்னாங்க."

"குடுத்தியா?"

"எப்படிம்மா? மயிலை பாலை நானே குழியில ஊத்துறேன். அதே நோவு எனக்கும். தெரிஞ்சே என் பிள்ளை வாயில வைக்கவா?"

"மயிலை பாலை ஊத்தச் சொன்னது யாரு?"

"மாட்டு டாக்டர்."

"அவர் சொன்னதைக் கேட்டே. உன்னைப் பார்த்த டாக்டரம்மா சொன்னதை மட்டும் கேக்க மாட்டே. மாட்டு டாக்டரையே வரச் சொல்லவா?"

அழுகைக்கு நடுவே செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மார்பு இன்னும் வலித்தது.

"என் பாலு பிள்ளையை ஒண்ணும் பண்ணாதுன்னுதான் அவங்களும் சொன்னாங்க. ஆனா வலிக்குதும்மா. இவ வாய் வச்சா உசுரே போகுது. பெத்தவளுக்குத்தான் அது தெரியும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குரு கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாதுதான். ஒண்ணு சொல்லு. குழியில ஊத்தப்போற பாலை ஏன் இத்தனை உதை வாங்கிக் கறக்கறே?"

"கறக்காம விட்டா காம்பு செத்துப்போகும். இப்ப வலிக்குமேன்னு பாவம் பார்த்தா, அப்புறம் அதுதானே துடிக்கும்? வாயில்லாத ஜீவன்."

"அப்ப, நீ பாலுக்காக உட்காரலை."

"இல்லம்மா. மயிலைக்காக."

குழந்தை விம்மிக்கொண்டே முகத்தை அங்குமிங்கும் தேய்த்தது. குரு அதை மெல்லத் தூக்கி, தாயின் வலப்பக்கமாகத் திருப்பி மடியில் வைத்தார்.

"மயிலை வலியை இறக்க நீ உட்கார்ந்தே. உன் வலியை இறக்க இவ வந்திருக்கா. உதைச்சிடாதே."