சேற்றுக் கோடு

ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். அந்த ஊருக்கும் ஒரு மியூசியம் இருந்தது. பழைய பத்திர ஆபீஸ் கட்டடத்தில் இரண்டே அறை. தபால்காரரின் சைக்கிள், ஊருக்கு வந்த முதல் பஸ்ஸின் ஹாரன், இடிந்துபோன டாக்கீஸின் டிக்கெட் ஜன்னல் என்று ஊர் கைவிட்டதெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்த்தவர் எஸ்தர் டீச்சர்.

பேச்சிமுத்து அங்கே பொருள்களுக்குப் பெயர் அட்டை எழுத வந்தவன். கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன், வயது நாற்பத்திரண்டு. ஒரு வாரத்து வேலை. மூன்று மாதமாகியும் அவன் போகவில்லை. ஒரு பழைய பொருளை முன்னால் வைத்துக்கொண்டு டீச்சர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது அவனுக்கு.

"எனக்கும் இதைக் கத்துக்கொடுங்க டீச்சர்" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"கத்துக்கொடுக்க என்ன இருக்கு? நின்னு பாருங்க" என்றார். பாடம் அவ்வளவுதான்.

எல்லாப் பொருளுக்கும் அட்டை எழுதியாகிவிட்டது. மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு கதவுக்கு மட்டும் இல்லை.

"இதுக்கு என்ன எழுதணும் டீச்சர்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஏன்?"

"நின்னு பாருங்க."

பார்த்தான். ஒற்றைக் கதவு. ஓரத்தில் கத்தியால் வெட்டிய ஆறு கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கதவின் கீழ்ப்பாதி முழுக்க உலர்ந்த சேறு. சேறு முடியும் இடத்தில், நூல் பிடித்ததுபோல் தடித்த ஒரு விளிம்பு.

"பாத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் நில்லுங்க."

அதற்குள் வாசலில் டீ வந்துவிட்டது. அவன் போய்விட்டான்.

அந்த வாரம் டீச்சர் ஒரு கூட்டத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மியூசியம் பார்க்க வருவதாக இருந்தது. சுற்றிப் பார்த்த பேச்சிமுத்துவுக்கு அந்தக் கதவுதான் கண்ணை உறுத்தியது. அழுக்காக இருப்பதால்தான் டீச்சர் அட்டை வைக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம் தேய்த்தான். சேறு போயிற்று, மேல் விளிம்பு மட்டும் போகவில்லை. அதை நகத்தால் சுரண்டி எடுத்தான். பிறகு மரத்துக்குப் போடும் லின்சீட் எண்ணெய் தடவினான். தேக்கு, பளபளவென்று எழுந்து வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். பையைக் கீழே வைக்காமலே கதவின் முன் நின்றார்.

"நல்லா இருக்கா டீச்சர்?"

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இந்த வெட்டு எல்லாம் என்ன பேச்சிமுத்து?"

"தெரியலையே."

"சுடலைக்கண்ணு அண்ணாச்சி வீட்டுக் கதவு இது. அவருக்கு ஒரே பிள்ளை, தங்கபுஷ்பம். பொங்கலுக்குப் பொங்கல் இதுல சாய்ச்சு நிக்க வச்சு, தலைக்கு நேரா ஒரு வெட்டு போடுவாரு. எத்தனை இருக்கு?"

"ஆறு."

"கடைசி வெட்டு எவ்வளவு உயரம்?"

"என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல."

"சேறு எதுவரைக்கும் இருந்துச்சு?"

பேச்சிமுத்து கையைக் கதவில் வைத்தான். கடைசி வெட்டுக்கு மேல் நாலு விரல் தள்ளி வைத்தான். வைத்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"வெள்ளம் வந்த வருஷத்துச் சேறு அது" என்றார் டீச்சர். "ஏழாவது வெட்டு இல்ல."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "எனக்கும் மனசுல அதுதான் ஓடுது. ஒரு அட்டை வச்சிருக்கலாம். பாக்குதவங்களுக்குத் தானாத் தெரியட்டும்னு இருந்துட்டேன்."

அவன் எழுந்தான்.

"நான் வரைஞ்சிருதேன் டீச்சர். ஆத்துச் சேறு எடுத்துட்டு வந்து, கொஞ்சம் பசை கலந்து போட்டா அச்சா அப்படியே வந்துரும். இருபது வருஷம் பெயின்ட் பிடிச்ச கை. உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது கதவின் முன்னால் ஒரு சட்டி நிறையச் சேறு இருந்தது. பக்கத்தில் பசை. அவனுடைய பிரஷ்.

"வரையுங்க" என்றார் டீச்சர். "பத்து மணிக்கு அண்ணாச்சி வருவாரு. இன்னைக்குத்தான் பிள்ளை போன நாள். வருஷா வருஷம் வருவாரு."

பேச்சிமுத்து குழைத்தான். ஒரு அட்டையில் தீற்றிப் பார்த்தான். இம்மி பிசகவில்லை, அதே நிறம். பிரஷைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனான். நின்றான்.

"என்ன?"

"கை வர மாட்டேங்குது டீச்சர்."

"முந்தாநாள் வந்துச்சே."

அவன் பிரஷைச் சட்டியிலேயே போட்டான்.

பத்து மணிக்கு சுடலைக்கண்ணு வந்தார். எழுபதைத் தாண்டியவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தார்.

"டீச்சர் இருக்கீயளா?"

"இருக்கேன் அண்ணாச்சி. வாங்க."

அவர் கதவை நெருங்கிக் கையை நீட்டித் தடவினார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. விரல்களை மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெய் வாசம் வருது."

"நான்தான் அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து. "டீச்சர் ஊர்ல இல்ல. அழுக்குன்னு நினைச்சுக் கழுவிட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ யாரு?"

"பேச்சிமுத்து. போர்டு எழுதுதவன்."

கிழவர் கோபப்படுவார் என்று காத்திருந்தான். அவர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"எம் பெண்டாட்டி தினமும் ஈரத்துணியும் கையுமா இந்தக் கதவுகிட்ட நிப்பா. தொடைச்சிருதேன், என்னால இதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியலைன்னு அழுவா. நான் விடலை. பிள்ளை போனதுக்கு வேற என்ன இருக்குன்னு சண்டை போடுவேன். ஒருநாள் தொடைச்சிருவாளோன்னு பயந்து, கதவைக் கழட்டி இங்க கொண்டாந்து போட்டேன். அவ இந்தப் பக்கமே வரலை. போன ஆவணியில போய்ச் சேந்துட்டா."

டீச்சர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

"அவ தொடைக்க வேண்டியது தம்பி. நீ தொடைச்சிட்ட."

கிழவர் மறுபடியும் கதவைத் தடவினார்.

"எங்க இருந்துச்சு? கண்ணு போயிட்டு. வெட்டு கைக்குத் தட்டுப்படுது. அது தட்டுப்படல."

பேச்சிமுத்து தன் கையைக் கொண்டுபோய்க் கதவில் வைத்தான். கடைசி வெட்டுக்கு மேல் நாலு விரல்.

"நெசமா இங்கதானா?"

"இங்கதான் அண்ணாச்சி. இந்த இடம்தான் போகாம இருந்துச்சு. நகத்தால சுரண்டுனேன்."

கிழவர் அவன் கையைத் தேடிப் பிடித்தார். அதன் கீழ் விளிம்பில் விரலை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாக இழுத்தார். கீழே இறங்கி ஆறாவது வெட்டில் நிறுத்தினார். அப்படியே நின்றார்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி கேட்டார்.

"அடுத்த வருஷம் வந்தா, கையை வச்சுக் காட்டுவியா?"

"காட்டுதேன் அண்ணாச்சி."

அவர் தெருவில் இறங்கிப் போனார். டீச்சர் சட்டியை எடுத்துப் போய்ச் சேற்றை வேப்பமரத்தடியில் கொட்டினார். திரும்பி வந்தபோது பேச்சிமுத்து மறுபடியும் கதவருகே நின்றிருந்தான். கை அதே இடத்தில் இருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"எத்தனை வருஷத்துக்கு நான் இப்படி நிக்கணும்?"

டீச்சர் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தச் சேறு எத்தனை வருஷம் நின்னுச்சு பேச்சிமுத்து?"