உடும்புக்குப் போன பிடி

நடப்பதும் ஊர்வதும் பறப்பதும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடும்புக்குப் பிடி என்பதே கிடையாது. பாறையில் ஏறும், பாதியில் சறுக்கும், கீழே விழுந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறும். விழுவதற்கு வெட்கப்பட்டால் உடும்பாகப் பிறந்திருக்கக் கூடாது என்று அதுவே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

பிடி முழுவதும் அப்போது கோடன் என்கிற மலைக்காரனின் இடது கையில் இருந்தது. அந்தக் கை எதையாவது பற்றிவிட்டால் அவனே நினைத்தாலும் லேசில் திறக்காது. வேலை முடிந்து வந்ததும் அவன் தங்கை நஞ்சி வெந்நீர் ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவாள். "இந்தக் கையில எந்தப் பொண்ணு கையைக் கொடுக்கப் போறாளோ, பாவம்" என்று கேலி வேறு செய்வாள்.

கேலி செய்தாலும் நஞ்சி அந்தக் கையை நம்பித்தான் உயிர் வாழ்ந்தாள். அவள் புருஷன் பெட்டன் மலைத்தேன் எடுப்பவன். செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து காட்டுக்கொடியில் தொங்கி இறங்கி, அடையை அறுப்பான். அந்த மலைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடியின் மேல்முனையைப் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். வேறு எவன் கையும் அதைத் தொடக் கூடாது. பங்காளியின் மனசுக்குள் என்ன பகை இருக்கிறதோ, யார் கண்டது? தங்கை தாலி அறுப்பதை மட்டும் எந்த அண்ணனும் வேடிக்கை பார்க்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆகவே கோடன்தான் கொடி பிடிப்பான். இடது கை ஒன்றே போதும். வலது கையால் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

வில் விஷயத்தில்தான் அவன் மானம் போயிற்று. கொடி பிடிப்பவன் வில்லும் வைத்திருக்க வேண்டும். தேன் வாசனைக்குக் கரடி வரும். ஆனால் கோடன் விட்ட அம்பு ஒன்றாவது நேராகப் போனதாகச் சரித்திரம் இல்லை. எதைக் குறிவைத்தாலும் அதற்கு இடப்பக்கம் நிற்பதில் போய்க் குத்தும்.

"மச்சான், நீங்க மானை அடிக்கறதுன்னா பக்கத்துல நிக்கற மரத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்பான் பெட்டன். கோடன் சிரிப்பான். ஆனால் உள்ளுக்குள் அது சுருக்கென்று தைக்கும். அம்பைக் குறை சொல்வான், காற்றைக் குறை சொல்வான், மறுநாள் வில்லை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். அம்பு இன்னும் இடப்பக்கம் போகும்.

இதையெல்லாம் பாறைச் சந்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உடும்பு ஒருநாள் வாயைத் திறந்தது.

"கோடா, வில்லு உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"ஏன் கேக்கற?"

"அதோட கழுத்தை அந்த நெரி நெரிக்கிறயே. அம்பு கிளம்பறப்ப வில்லு கொஞ்சம் திரும்பணும். நீ விட மாட்டேங்கற. அது உன் கைக்குள்ள முறுக்கிக்கிட்டு, போற அம்பைத் தள்ளி விட்டுடுது."

"ஒழுங்கா ஒரு பாறையில நிக்கத் தெரியாத நீ எனக்கு வில்லு சொல்லித் தர்றயா?" என்றான் கோடன். உடும்புக்குக் கோபம் வரவில்லை. பதில் சொல்லத் திரும்பியதில் கால் வழுக்கி விழுந்துவிட்டது.

தேன் பருவம் வந்தது. பெட்டன் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கோடன் உச்சியில் உட்கார்ந்து இடது கையால் கொடியைப் பற்றிக்கொண்டான். வில் மடியில் கிடந்தது. பெட்டன் அடையில் கை வைத்த நேரம், புதருக்குள்ளிருந்து கரடி வெளியே வந்தது.

"அந்தத் தேன் என்னுது" என்றது கரடி.

"பாதி எடுத்துக்க. அவன் மேல வரட்டும்."

"பாதி எதுக்கு? கொடியைக் கடிச்சு விட்டா அடையும் கீழ விழும், அவனும் விழுவான். நான் கீழ போய் முழுசாத் தின்னுக்கறேன்." அது மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. செய்யப்போகும் வேலையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்து வந்தது.

கோடன் கொடியையும் வில்லையும் மாறி மாறிப் பார்த்தான். கொடியை விட்டால் மச்சான் போய்விடுவான். விடாவிட்டாலும் கரடி கடித்து மச்சான் போய்விடுவான். இழுத்து ஏற்ற நேரம் இல்லை. ஒற்றைக் கையால் வில்லை வளைத்தவன் உலகத்தில் யாரும் இல்லை.

"கோடா, கொடியை என்கிட்ட குடு" என்றது பக்கத்துச் சந்திலிருந்து உடும்பு.

"வேற கை தொடக் கூடாது. தொட்டா குத்தம். அதுவும் உன் கை! நீயே நிக்க மாட்ட."

"என் கையைக் குடுக்கலைடா. உன் பிடியை என் கைக்கு மாத்திக் குடு. பிடி அண்ணனோடது. நகம் மட்டுந்தான் என்னுது. எந்தக் குத்தமும் வராது."

அந்தக் காலத்தில் இப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் நடக்கிற காரியம்தான். கொடுப்பவன் மனசார விட வேண்டும், அவ்வளவே. கோடன் தன் பிறவியில் எதையும் மனசார விட்டதில்லை. கரடியைப் பார்த்தான். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. கையை உடும்பின் கால்கள்மேல் வைத்து, வெந்நீர் இல்லாமல், தானாகவே ஒவ்வொரு விரலாகத் திறந்தான்.

கொடி ஒரு முழம் சறுக்கியது. "மச்சான்!" என்று கீழேயிருந்து பெட்டன் அலறினான். மறு நொடி, உடும்பின் பின்னங்கால்கள் பாறையைக் கவ்வின. முன்னங்கால்கள் கொடியைக் கவ்வின. கொடி நின்றது.

கோடன் வில்லை எடுத்தான். இறுக்கப் பார்த்தான், இடது கையில் இறுக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. வில் பெருவிரலின் அடிச்சதையில் தானாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மற்ற விரல்கள் அது நழுவாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. வலது கையால் நாணை இழுத்து, கரடியின் நெஞ்சில் இருந்த வெள்ளைக் கோட்டைக் குறிபார்த்து அம்பை விட்டான். அம்பு இடப்பக்கம் போகவில்லை. வில் அவன் கைக்குள் லேசாகத் திரும்பி நின்றது. கரடி விழுந்தது.

பெட்டன் மேலே ஏறி வந்து கரடியைப் பார்த்தான், உடும்பைப் பார்த்தான், கோடனின் வெறும் கையைப் பார்த்தான். "என் உயிரை யார் கையில குடுத்தீங்க, மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

பிடியைத் திருப்பிக் கொடு என்று கோடன் கேட்டபோது, உடும்பு ஏமாற்ற நினைக்கவில்லை. நிஜமாகவே முயன்றது. "திறக்க மாட்டேங்குதே, கோடா" என்றது. கொடியை அறுத்துத்தான் அதனிடமிருந்து விடுவிக்க முடிந்தது. நஞ்சி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். சுட்டதும் அது பாறையை இன்னும் இறுக்கிக்கொண்டது. நஞ்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் பிழைத்து வந்ததற்கு அழுதாள். அண்ணன் கை போனதற்கும் சேர்த்து அழுதாள்.

"இனிமே யாருண்ணா கொடி பிடிப்பாங்க?"

அன்றிரவு கோடன் சோறு பிசைந்ததோடு சரி, சாப்பிடவில்லை.

அடுத்த பருவத்தில் கோடன் கொடியைக் கொண்டுபோய் உச்சியில் இருந்த மரத்தில் கட்டினான். பெட்டன் இறங்காமல் நின்றான்.

"மரம் எனக்கு மச்சான் முறை ஆகாதே."

"மரம் கொடியைப் பாத்துக்கட்டும்" என்றான் கோடன், மரத்தடியில் வில்லோடு உட்கார்ந்தபடி. "நான் மரத்தைப் பாத்துக்கறேன்."

பெட்டன் கொடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

அன்று பிடித்துத்தான் உடும்பு பற்றிய பாறையை விடுவதில்லை. அன்று பிடித்துத்தான் அந்த மலையில் கொடியை மரத்தில் கட்டுகிறார்கள். கட்டினாலும் மச்சான் வந்து பக்கத்தில் உட்காராமல் ஒருவனும் இறங்குவதில்லை. அப்படி உட்காருகிற மச்சான் வில்லை ஒருபோதும் இறுக்கிப் பிடிப்பதில்லை. இறுக்குகிற கை உடும்போடு போய்விட்டது; வில்லைப் பிடிக்க, அன்று கோடன் திறந்த கைதான்.